வட்டில்: ஓர் உண்கலப் பெயரின் பொருளும் பிறப்பும்

கொத்மலை ஒரு பாத்திரத்தை ஒளித்துவைத்த நிலமாகும். கலிங்க மாகன் 1215 ஆம் ஆண்டிற் படையெடுத்துப் பொலன்னறுவையைக் கைப்பற்றிய காலத்தில், வாசிஸ்ஸர தேரரைத் தலைவராகக் கொண்ட பிக்குகள் புத்தரின் தந்த தாதுவையும் அவர் ஏந்திய பாத்திர தாதுவையும் எடுத்துச்சென்று கொத்துமலையிற் புதைத்துவைத்தனர் என்றும், தம்பதெனியாவில் ஆட்சியமைத்த மூன்றாம் விஜயபாகு (1232–1236) அவற்றை மீட்டுக்கொண்டான் என்றும் சூளவம்சம் கூறும். இரந்துண்ணும் துறவியின் கலம் எவ்வாறு அரசுரிமையின் சின்னமாயிற்று என்பது தனியே ஆராயத்தக்கது. ஊரார் தத்தம் பங்கினை இடுவதற்கு ஏந்தப்பட்ட கலம், ஊராரிடம் இறை கொள்ளும் உரிமைக்குச் சான்றாயிற்று என்பதை மாத்திரம் ஈண்டுக் குறித்துக்கொள்வோம். மணிமேகலைக் காப்பியத்தின் அமுதசுரபியும், பசித்தோர்க்குப் பகுத்தளிக்கும் பாத்திரம் என்ற முறையிலேதான் காப்பியத்தின் நடுநாயகமாக நிற்கின்றது.

இக்குறிப்பு எமது பொருளுக்குப் புறம்பானதன்று. உண்கலங்களின் பெயர்களை ஆராய்வோர் பெரும்பாலும் கலத்தின் வடிவத்தைப் பார்க்கின்றனர். அதில் இடப்பட்டது யாது, இட்டவர் யார், எவ்வளவு இட்டனர் என்பனவற்றைக் கேட்பதில்லை. இக்குறைபாடு மிகத் தெளிவாகப் புலப்படும் சொல் 'வட்டில்' என்பது. சோழர் காலக் கோயிற் சாசனங்களிற் பொன்னாலும் வெள்ளியாலும் ஆன வட்டில்கள் பேசப்படுகின்றன. கொங்கு நாட்டில் இன்றும் சோறுண்ணும் தட்டு வட்டில் அல்லது வட்டல் எனப்படுகின்றது. கன்னடத்தில் 'பட்டலு' கிண்ணத்தைக் குறிக்கும். இவ்வளவு பரந்த வழக்குடைய சொல்லின் பொருள் வரலாறு இன்னும் முறையாக எழுதப்படவில்லை என்றே நாம் கருதுகின்றோம்.

அகராதிகளைப் புரட்டினால் வட்டிலுக்கு உண்கலம், கிண்ணம், கூடை, அம்புக்கூடு, நாழிகை வட்டில், ஓர் அளவுக்கருவி எனப் பல பொருள்கள் வரிசையாக எண்ணிடப்பட்டிருக்கக் காணலாம். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியின் பெருமையை எவரும் மறுக்கார். எனினும் எண்ணிடும் முறைக்கு ஓர் இயல்பான குறை உண்டு: முதலாவது பொருளுக்கும் நான்காவது பொருளுக்கும் இடையே என்ன உறவு என்பதை அது சொல்லாமல் விட்டுவிடும். சோறுண்ணும் கலத்தின் பெயர் காலத்தைக் கணிக்கும் கருவிக்கு எப்படி வந்தது? அம்பு வைக்கும் கூட்டிற்கும் அப்பெயர் ஏன்? 'வட்டமாக இருப்பதால்' என்பது வழக்கமான விடை. வட்டமான பொருள்கள் உலகில் எத்தனையோ உள. சக்கரத்தை வட்டில் என்றவர் இல்லை. முழு நிலவை வட்டில் என்றவரும் இல்லை. எனவே வட்டம் என்ற விடை உண்மையாயினும் போதாத விடை.

வேர் பற்றிய வழக்கோ இன்னும் கடுமையானது. ஒரு சாரார் வட்டம் என்பதனை வடமொழி 'விருத்த' என்பதன் பிராகிருதத் திரிபாகிய 'வட்ட' என்பதோடு இணைப்பர். மராத்தியிற் சிறு கிண்ணத்தைக் குறிக்கும் 'வாட்டி' போன்ற சொற்களைத் துணைக்கழைப்பர். மறுசாரார், சிறப்பாகத் தேவநேயப் பாவாணரின் (1902–1981) வழிவந்தோர், வளைவைக் குறிக்கும் 'வள்' என்னும் வேரிலிருந்தே வட்டு, வட்டம் முதலியன பிறந்தன என்பர். இவ்விரு சாராரின் வாதங்களையும் படித்து முடிக்கையில் ஒன்று நமக்குப் புலனாகின்றது: வேர் எம்மொழிக்கு உரியது என்பது தீர்ந்துவிட்டாற் சொல்லின் வரலாறும் தீர்ந்துவிட்டதென இருவருமே எண்ணுகின்றனர். சொத்துரிமை வழக்கில் உறுதியைக் காட்டுவது போன்றது இது. நிலம் எவருடையது என்பது வழக்கு மன்றத்திற்கு வேண்டியதாகலாம். அந்நிலத்தில் என்ன விளைந்தது, விளைத்தவன் எதனை உண்டான் என்பன அவ்வுறுதியில் எழுதப்பட்டிரா.

சொல்லின் அமைப்பைச் சற்றே நோக்குவோம். கட்டு என்பதிலிருந்து கட்டில் வருவது போல வட்டு என்பதிலிருந்து வட்டில் வந்தது எனலாம். வட்டு என்பது வட்டமான சிறு காய். வட்டாடுதல் திருக்குறள் காலத்திலேயே அறியப்பட்ட விளையாட்டு. ஆனால் நமது கவனத்திற்கு உரியது மற்றொரு உறவுச் சொல்லாகிய 'வட்டி' என்பது. சங்கச் செய்யுள்களில் வட்டி என்பது ஓலையாலோ பிரம்பாலோ முடைந்த கூடை. மலையாளத்தில் இன்றும் வட்டி கூடையே. சிங்களத்தில் 'வட்டிய' என்பது தட்டையான கூடை. விகாரைக்குப் பூக்கொண்டு செல்லும் தட்டினை 'மல் வட்டிய' என்பர். ஆக, தமிழ், மலையாளம், சிங்களம் ஆகிய மூன்றிலும் இச்சொற்குடும்பத்தின் ஒரு கிளை உலோகத்தை அறியாது. அது முடையப்பட்ட பொருளையே அறியும்.

இதிலிருந்து நாம் கொள்ளும் முடிபு இது: வட்டில் என்னும் சொல் பொற்கொல்லனின் பட்டறையிற் பிறந்ததன்று, கூடை முடைபவரின் கையிற் பிறந்தது. ஓலையையோ நாரையோ சுற்றிச் சுற்றி வளைத்துச் செய்யப்படும் கலம் ஆதலின் அது வட்டி, வட்டில் ஆயிற்று. இவ்வாறு கொண்டால் அம்புக்கூடு என்னும் பொருள் வியப்பளிப்பதன்று. அம்புக்கூடு தட்டு வடிவினதன்று, நீண்டது. உலோகக் கிண்ணத்திலிருந்து அதன் பெயரை வருவிக்க முடியாது; முடைந்த கூட்டிலிருந்து எளிதாக வருவிக்கலாம். கூடை, அம்புக்கூடு, உண்கலம் என்னும் மூன்று பொருளும் ஒரே கைத்தொழிலிற் கிளைத்தவை. பிற்காலத்திற் பித்தளையும் வெள்ளியும் பொன்னும் அப்பழைய பெயரை எடுத்துக்கொண்டன.

இனி, இக்கூடை என்ன செய்தது என்பதை நோக்க வேண்டும். புறநானூற்றின் 33 ஆம் பாட்டு கோவூர்கிழாரது. வேட்டுவன் மான்தசையைக் கொணர்ந்த வட்டியும் ஆய்மகள் தயிர் கொணர்ந்த பானையும், உழவர் மனைப் பெண்டிரால் வெண்ணெல் நிறைத்துத் திருப்பியனுப்பப்படுவதை அப்பாட்டுச் சித்திரிக்கின்றது. ஐங்குறுநூற்றின் மருதப் பாட்டொன்றிற் பாண்மகள் கெடிற்று மீனைச் சொரிந்த அகன்ற வட்டி பயற்றினால் நிறைக்கப்படுகின்றது. இவற்றைப் பண்டமாற்றுக்குச் சான்றாகப் பலரும் காட்டியுள்ளனர். நாம் கேட்பது வேறொன்று. இங்கே அளவுகோல் எது? படியும் மரக்காலும் குறிப்பிடப்படவில்லை. கொண்டுவந்த கலமே கொண்டுபோகும் அளவு. மீன் நிறைந்திருந்த வட்டி எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவே பயறு. ஆகவே வட்டி வெறும் கொள்கலமாக இருக்கவில்லை. அது ஒப்பந்தமாகவும் இருந்தது. நிறைக்கப்படும் கலத்தின் விளிம்பே நீதியின் விளிம்பு. அகராதி தனியே எண்ணிட்டுக் காட்டும் 'அளவுக்கருவி' என்னும் பொருள், உண்கலம் என்னும் பொருளுக்குப் பின்னர் ஒட்டிக்கொண்டதன்று. இரண்டும் தொடக்கத்திலேயே பிரிவுறாது இருந்தன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டப்படுகின்றது. கடனுக்குப் பெறும் 'வட்டி' என்னும் சொல்லையும் இக்கூடையிலிருந்து வருவிக்கும் ஆசை எவருக்கும் எழும். நிறைகூடை கொடுத்துக் கூடுதலாகப் பெறுவது என்று அழகான கதையொன்று கட்டிவிடலாம். ஆனால் அச்சொல்லை வளர்ச்சியைக் குறிக்கும் 'விருத்தி' என்பதன் பிராகிருத வடிவோடு இணைப்பதே பொருத்தம். ஒலி ஒத்ததென்பதால் உறவு கொண்டாடுவது நமது சொல்லாராய்ச்சியின் பழைய நோய். எமக்கு வசதியாக இருக்கும் இடத்தில் அந்நோயை நாமே வரவேற்றல் ஆகாது.

கலமும் பங்கும் ஒன்றாய் இருந்த நிலையைப் பற்றிச் சிந்திக்கும்போது ஜோர்ஜ் தொம்சன் நினைவுக்கு வருகின்றார். பேராசிரியர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்காமில் அவரது வழிகாட்டலிலேயே தமது கலாநிதிப் பட்ட ஆய்வுகளை மேற்கொண்டனர் என்பது ஈழத்து வாசகர் அறிந்ததே. கிரேக்கர் விதிக்கு வழங்கிய 'மொய்ரா' என்னும் சொல் தொடக்கத்திற் பங்கு என்னும் பொருளையே உடையது என்பதையும், குலக்குழு வாழ்வில் இறைச்சியும் கொள்ளைப்பொருளும் நிலமும் பகிரப்பட்ட முறையே பின்னர் ஊழ் என்னும் கருத்தாகத் திரிந்தது என்பதையும் தொம்சன் விரிவாக விளக்கினார். தமிழில் இதற்கு நேரான சொல் கையருகிலேயே உண்டு. பால் என்பது பகுதி. பால் என்பது ஊழ். பகுத்துண்ணும் உணவுக்குக் குறள் வழங்கும் 'பாத்தூண்' என்னும் சொல்லும் அப்பகுப்பினை நினைவூட்டும். கிரேக்கச் சொல்லை விளக்கத் தொம்சனுக்குப் பல அதிகாரங்கள் தேவைப்பட்டன. தமிழ்ச் சொல் தன் இரு பொருளையும் இன்னும் வெளிப்படையாகவே வைத்திருக்கின்றது. வட்டிலை நாம் இவ்வரிசையில் வைத்துப் பார்க்க விரும்புகின்றோம்.

நிலவுடைமைப் பேரரசு இவ்வுறவை என்ன செய்தது என்பதைத் தஞ்சைப் பெரிய கோயிற் சாசனங்கள் காட்டுகின்றன. முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் கொடுத்த பொன், வெள்ளிக் கலங்கள் அங்கே எடையோடு பொறிக்கப்பட்டுள்ளன. தளிகை, ஒட்டுவட்டில், கெண்டி, படிக்கம் எனக் கலங்களின் பெயர்கள் நீள்கின்றன. பொன்னை நிறுத்த கல்லின் பெயர் ஆடவல்லான். இந்த வட்டிலில் உண்டவர் எவருமிலர். இறைவனுக்குப் படைத்து எடுக்கும் கலம் அது. அதன் கொள்ளளவு கூறப்படுவதில்லை, நிறை கூறப்படுகின்றது. எவ்வளவு கொள்ளும் என்று கேட்கப்பட்ட கலம், எவ்வளவு பெறும் என்று கேட்கப்படும் கலமாக மாறிவிட்டது. சொல் அதுவே, வினா மாறிற்று.

ஆயினும் அதே மதிற்சுவர்களிற் பழைய பொருளும் உயிரோடிருக்கின்றது, வேறொரு சொல்லின் வழியாக. தளிச்சேரியிற் குடியமர்த்தப்பட்ட 400 பெண்டிருக்கும் ஆண்டொன்றுக்கு ஆளுக்கு ஒரு பங்காக 100 கலம் நெல் அளக்கப்பட்டது. அளந்த மரக்காலின் பெயரும் ஆடவல்லான். கலம் என்பது பாத்திரம். கலம் என்பது 12 மரக்கால் கொண்ட அளவு. பங்கும் கலமும் ஒரே வரியில் நிற்கின்றன. ஈழமான மும்முடிச்சோழ மண்டலத்து ஊர்கள் சிலவும் அக்கோயிலுக்கு நெல்லும் காசும் இலுப்பைப்பாலும் செலுத்த விதிக்கப்பட்டிருந்தன என்பதனை நாம் இலங்கையிலிருந்து எழுதும்போது மறத்தல் இயலாது. பொன்வட்டிலின் பளபளப்பைப் பற்றி எழுதியோர் பலர். அவ்வட்டிலிற் படைக்கப்பட்ட சோற்றின் நெல் எந்த ஊர்க் களத்திலிருந்து எந்த மரக்காலால் அளந்து கொண்டுபோகப்பட்டது என்பதும் அதே சாசனத் தொகுதியிலேயே உள்ளது. பக்கத்தைப் புரட்டினாற் போதும்.

காலக்கருவி என்னும் பொருளுக்கு வருவோம். அடியில் நுண்துளையிட்ட செப்புக் கிண்ணத்தை நீரில் மிதக்கவிடுவர். நீர் மெல்ல ஏறிக் கிண்ணம் மூழ்க ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், கழியும். நாளொன்றுக்கு நாழிகை 60. இதுவே நாழிகை வட்டில். முல்லைப்பாட்டின் பாசறையில் நாழிகைக் கணக்கர் நோக்கியிருக்கும் 'கன்னல்' என்பதனை உரைமரபு நாழிகை வட்டில் என்றே விளக்கும். நாழிகை என்னும் பெயரையும் கவனிக்க வேண்டும். நாழி தானியம் அளக்கும் கருவி. உலகாளும் வேந்தனும் இரவும் பகலும் விலங்கு தேடித் திரியும் வேடனும் உண்பது ஒரு நாழியே என்ற நக்கீரரின் புறப்பாட்டு நாம் அனைவரும் பள்ளியிற் படித்தது. அந்த நாழியே காலத்தை அளக்கும் நாழிகைக்கும் பெயர் தந்தது. உணவைப் பங்கிட்ட கருவியின் பெயரால் நேரமும் பங்கிடப்பட்டது. வட்டிலுக்கு நேர்ந்ததும் இதுவேயாதலின் இஃது ஒரு தற்செயல் ஆகாது. பாசறையிற் காவல் முறை மாற, வயலில் நீர்முறை மாற, யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்க்கும் கருவி தேவைப்பட்டது. சோறு பகிர்ந்த கலம் அத்தொழிலுக்கு வந்தது.

இதனைப் பாரசீகம் உறுதிப்படுத்துகின்றது. பாரசீக மொழியிற் 'பிங்கான்' என்பது கிண்ணம். நிலத்தடிக் கால்வாய்களின் நீரை உழவர் முறைவைத்துப் பங்கிட, துளையிட்ட அதே செப்புக் கிண்ணத்தைப் பயன்படுத்தினர். அந்த நீர்க்கடிகாரத்தின் பெயரும் பிங்கான்தான். இச்சொல் அரபியில் 'பின்ஜான்' எனக் காப்பிக் கிண்ணமாயிற்று. மலாய் மொழியிற் 'பிங்கான்' எனத் தட்டாயிற்று. சிங்களத்தில் 'பிங்கான' எனவும் தமிழிற் 'பீங்கான்' எனவும் வழங்குகின்றது. வேருறவு சிறிதுமற்ற இரு சொற்கள், ஒன்று தமிழில் மற்றொன்று பாரசீகத்தில், உண்கலம், நாழிகைக் கிண்ணம் என்னும் அதே இரு பொருளைத் தாங்கி நிற்கின்றன. வட்ட வடிவம் ஒன்றே காரணமாயின் இது நேர்ந்திருக்க வேண்டியதில்லை. பகிர்தல் என்னும் சமூகச் செயலே இரு மொழியிலும் இப்பொருள்களை ஒரே சொல்லிற் கட்டியது என்பது எமது துணிபு.

கண்டி இராச்சியத்தில், 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலில் இக்கருவியை வருணித்துள்ளார். சிறு துளையிட்ட செப்புக் கிண்ணம். மண்பானை நீரில் மிதக்கும். அது மூழ்கும் நேரம் ஒரு 'பே'. அதனை வைத்திருப்பவன் பெரும்பாலும் அரசனே என்றும், இடைவிடாது பார்த்திருக்க ஆள் ஒருவனை அவன் நியமித்திருந்தான் என்றும், குறித்த நேரத்தில் விதைக்க வேண்டியபோது மாத்திரம் குடிகள் அதனைப் பயன்படுத்தினர் என்றும் நொக்ஸ் கூறுவார். கொத்மலை அவ்விராச்சியத்தின் பகுதி. உண்கலம் எல்லாரிடமும் இருந்தது. நேரக்கலம் அரசனிடம் இருந்தது. பாத்திர தாதுவைத் தன்வசம் வைத்திருப்பவனே அரசன் என்ற நம்பிக்கையோடு இதனை ஒப்பிட்டு நோக்கின் இரண்டும் ஒரே ஒழுங்கின் இரு கூறுகளாகவே தோன்றுகின்றன.

இனி ஈழத்துப் பேச்சுவழக்கில் வட்டிலின் இடத்தை எவை பெற்றன என்று காண்போம். யாழ்ப்பாணத்துக்கருகே அல்லைப்பிட்டியில் 1977 இற் கண்டெடுக்கப்பட்ட வட சொங் காலச் சீனப் பீங்கான் துண்டுகளும், யாப்பகூவையிற் கிடைத்த சீனப் பாண்டங்களும், மாந்தை அகழ்வின் பேறுகளும், இத்தீவு இடைக்காலக் கடல்வாணிகத்தின் நடுவில் இருந்தமையை மெய்ப்பிக்கின்றன. சீனரின் மண்ணுக்குப் பாரசீகரின் பெயர். அதனை உண்கலமாக்கியவர் நாம். காலியிற் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழியிலும் பொறித்து 1409 ஆம் ஆண்டிட்ட கல்வெட்டை அறிந்தோர்க்கு இக்கூட்டு வியப்பாக இராது. அடுத்து வந்த 'கோப்பை' போர்த்துக்கேயரது. யாழ்ப்பாணத்திற் சோறுண்ணும் குழிந்த தட்டும் கோப்பையே. இது இலத்தீன் 'குப்பா'விலிருந்து வந்தது. அதே குப்பாவிலிருந்துதான் தலையைக் குறிக்கும் ஜெர்மன் 'கொப்ப்' என்ற சொல்லும் வந்தது. ஆக, ஜெர்மானியரின் தலையும் எமது தேநீர்க் கோப்பையும் உடன்பிறந்த சொற்கள். சிரிப்பதற்கு முன் நமது 'மண்டை'யை நினைத்துக்கொள்வது நன்று: சங்கப் பாட்டில் அது பாணர் ஏந்திய உண்கலம், இன்று அது நம் தலை.

பெயர்கள் மாறினும் கலத்தின் தொழில் மாறவில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிப்பேணி வைக்கப்பட்டதையும், 1960களின் பிற்பகுதியில் அதற்கெதிராக எழுந்த போராட்டங்களையும் இங்கே நினைவிற் கொள்ளாமல் உண்கலத்தின் வரலாற்றை எழுத முடியாது. ஒருவனுக்கு எக்கலத்தில் ஊற்றுவது என்பது அவனுக்குச் சமூகத்தில் எவ்வளவு பங்கு என்பதன் வேறு வடிவமே.

மலையகத்துக்கு வருகையில் இவ்வுண்மை இன்னும் வெளிப்படையாகின்றது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து முதலிற் கோப்பிக்கும் 1867 இற்குப் பின்னர் மெல்ல மெல்லத் தேயிலைக்கும் அழைத்துவரப்பட்ட மக்கள் கைச்சுமையாகக் கொணரக்கூடிய பொருள்களுட் கலங்களும் அடங்கும். இன்று கொத்மலைச் சரிவுகளின் லயக் காம்பராக்களிற் கேட்கும் பெயர்களில் முன்நிற்பவை கோப்பை, பீங்கான், தட்டு என்பன. ஆனால் அளவுப் பெயர்களே இங்கு நமக்கு அதிகம் பேசுகின்றன. தோட்ட நிர்வாகம் கூலியிற் கழித்துக்கொண்டு அரிசி கொடுத்த காலத்தில் அளவு 'புசல்'. வீட்டில் அடுப்பேற்றும்போது அளவு 'சுண்டு'; சிங்களக் கிராமத்திலும் அதுவே 'ஹுண்டுவ'. பால்பேணியே பல வீடுகளிற் சுண்டு. புசலைத் தோட்டம் அளந்தது, சுண்டைத் தாய் அளந்தாள். 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிற் பங்கீட்டு அரிசி குறைக்கப்பட்டபோது, தோட்டங்களில் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தமை பதிவாகியுள்ளது. கலம் அதே கலமாகவே இருந்தது. அதன் விளிம்புக்கும் அரிசிக்கும் இடையிலிருந்த வெற்றிடமே பெருகிற்று. பொருளியல் வரலாற்றாசிரியர் இதனைப் புள்ளிவிவரமாகத் தருவர். சொல்லாராய்ச்சியாளனுக்கு இது 'சுண்டு' என்னும் சொல்லின் பொருளில் நேர்ந்த மாற்றம்.

நேரத்தின் கதையும் அவ்வாறே. விடியுமுன் தப்பு அடித்துப் பெரட்டுக்களத்துக்கு அழைத்தனர். அரசனின் செப்புக் கிண்ணத்தைக் காத்திருந்த ஆளின் இடத்திற் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் வந்தனர். நாள் முழுவதும் மலையேறி இறங்கியவளுக்கு, நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. ஒரு மனிதப் பெயரை இரண்டாகப் பகுக்கும் இச்சொல்லைக் கல்லிற் பொறித்தவர் இல்லை. ஆயினும் பங்கு என்னும் கருத்தின் தமிழ் வரலாற்றில் அது தஞ்சைச் சாசனத்துக்குச் சற்றும் குறையாத ஆவணம்.

வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலைநாட்டு மக்களின் பாடல்களை அவர்கள் வாயிலிருந்து கேட்டுத் தொகுத்தார். அக்கவனம் கலம், கூடை, அளவு ஆகியவற்றின் பெயர்களுக்கும் உரியது. காலம் நமக்காகக் காத்திருப்பதில்லை. 1979 இல் தொடங்கி 1985 இல் நிறைவுற்ற கொத்மலை அணைக்காகப் பள்ளத்தாக்கின் வயல்களும் ஊர்களும் விகாரைகளும் நீரில் மூழ்கின. குடிகள் பலர் வரண்ட வலயத்துக் குடியேற்றங்களுக்குப் பெயர்ந்தனர். களத்தில் நெல் அளந்த பெயர்கள் களம் இல்லாதவிடத்து நெடுநாள் நில்லா. மேற்சரிவிலிருந்த தமிழ்த் தொழிலாளியும் கீழ்வயலிலிருந்த சிங்கள உழவனும் 'சுண்டு', 'ஹுண்டுவ' எனவும், 'பீங்கான்', 'பிங்கான' எனவும் பொதுவாக வைத்திருந்த சொற்கள் எத்தனை என்பதனை இருமொழி அறிந்தோர் கூடியிருந்து எழுதினால், தனித்தனியே நடத்தும் வேர்ச்சண்டைகளைக் காட்டிலும் அது பயன் தரும் என்பது எமது எண்ணம்.

வட்டில் கூடையாயிருந்த நாளுக்கு மீண்டும் வருவோம். புறநானூற்று வேட்டுவனின் வட்டி நிறைந்த இறைச்சிக்கு அதே வட்டி நிறைந்த நெல் கிடைத்தது. தேயிலைத் தோட்டத்தில் மாலை நிறுவையின்போது கொழுந்துக் கூடை தராசில் ஏற்றப்படும். கூடைக்கென ஒரு கழிவு. மழை நாளாயின் ஈரத்துக்கென இன்னொரு கழிவு. மிஞ்சிய எண் துண்டில் எழுதப்படும். வெறுங்கூடை அவள் தோளுக்குத் திரும்பும்.